வெள்ளை யானைக்கு இனி தீனி போட முடியாது! வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சிக்கனக் கிறிஸ்துமஸ்

(திரையில்: சமையலறை மேடை. பளபளவென்று ஒரு ஏர் ஃப்ரையர். ஒரு கை உள்தட்டை இழுக்கிறது. உள்ளே ஒரு வீசை, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு மேல், வெங்காயம்.)

இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். ஏர் ஃப்ரையர் என்று சொன்னால் தப்பு. எங்கள் வீட்டில் இதற்கு வெங்காயக் கூடை என்று பெயர். மூன்று வருடத்துக்கு முந்திய கிறிஸ்துமஸுக்குச் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அம்மாவுக்கு அனுப்பியது. இங்கே பர்மாவின் யாங்கோனில் கரண்ட் வரும் கொஞ்ச நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவேண்டும், இன்வெர்ட்டருக்குச் சார்ஜ் ஏற்றவேண்டும், சட்டையை இஸ்திரி போடவேண்டும். இதற்கு நடுவில் யார் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுப்பது? சரி, யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை, மகன் அனுப்பியதாயிற்றே. அண்ணன் வீடியோ காலில் வருகிறான் என்றால் போதும், அம்மா வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, கேமராவில் படுகிற மாதிரி எடுத்து வைக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். இருந்தால் கமெண்டில் போடுங்கள். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து சம்பாதிக்கிற வீட்டில், காசைக் கரைக்காமல் கிறிஸ்துமஸ் பரிசு விவகாரத்தை எப்படி முடிப்பது என்பதுதான் இன்றைய வீடியோ. சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் அடுத்த கரண்ட் கட்டுக்கு முன்னால் பண்ணிவிடுங்கள்.

முதலில் வரலாறு. கிறிஸ்துமஸுக்கு ஏன் பரிசு? பிறந்த இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர் என்றுகூடப் பைபிளில் இல்லை. எத்தனை பேராக இருந்தாலும், எல்லோரும் சேர்ந்து ஒரே குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களே தவிர, தங்களுக்குள் ஃப்ளாஸ்க் மாற்றிக்கொள்ளவில்லை. வரலாறு முடிந்தது.

(திரையில்: கரும்பலகை. 12 × 11.)

இப்போது கணக்கு. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் மட்டும் 12 பேர். ஒவ்வொருவரும் மற்ற 11 பேருக்கும் ஒவ்வொன்று வாங்கினால் மொத்தம் 132 பொட்டலம். பேரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் வாங்கினால் 12. தமிழ்நாட்டில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் என்று ஹாஸ்டலிலும் ஆபீசிலும் விளையாடுவார்களே, அதேதான். உங்களுக்கு நேரமில்லை என்றால் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள், 120 பரிசு மிச்சம்.

நேரமிருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் ஜோயல் வால்ட்ஃபோகல் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். கிறிஸ்துமஸால் வரும் நஷ்டத்தைப் பற்றி 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களிடம் அவர் கேட்டது இதுதான்: உனக்கு வந்த பரிசு என்ன விலை இருக்கும்? அதே பொருளை நீயே வாங்குவதென்றால் எவ்வளவு கொடுப்பாய்? இரண்டுக்கும் நடுவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காணாமல் போயிருந்தது. வாங்கியவர் காசு போட்டார், கிடைத்தவருக்கு அந்த மதிப்பு வந்து சேரவில்லை. பாட்டி தாத்தா, அத்தை மாமா வகையறாவின் பரிசில்தான் ஓட்டை பெரிசு. அத்தைகளே, கோபப்படாதீர்கள், நானும் ஓர் அத்தைதான்.

அப்புறம், நான் இந்த வீடியோ எடுத்ததற்கே காரணமான விஷயம்.

(திரையில்: எங்கள் பர்மியப் பணம், 5,000 சாட் நோட்டு. கேமரா மெதுவாக நெருங்குகிறது.)

இந்த நோட்டில் யார் நிற்கிறார்? வெள்ளை யானை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேண்டாத பரிசுக்கு வைத்திருக்கிற பெயரும் அதுதான். அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள்: சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, ராஜாவுக்கு ஒரு மந்திரியைப் பிடிக்கவில்லையென்றால் அவருக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுத்துவிடுவாராம். ராஜா கொடுத்தது என்பதால் விற்கமுடியாது, புனிதமானது என்பதால் வேலை வாங்கவும் முடியாது. தீனி போட்டே மந்திரி ஓட்டாண்டி ஆகிவிடுவார். எங்கள் பாட்டியைக் கேட்டால் யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

ஆனால் அது வெறும் கதை. நிஜத்தில் நடந்தது நேர்மாறு. இங்கே பக்கத்தில் பெகு என்ற ஊரில் பயின்னவுங் என்ற பர்மிய மன்னர் இருந்தார். சயாமின் தலைநகரான அயுத்தயாவின் அரசரிடம் வெள்ளை யானை நிறைய இருக்கிறது என்று தெரிந்து, எனக்கும் கொடு என்று ஆள் அனுப்பினார். அவர் மாட்டேன் என்றார். அவ்வளவுதான், 1563-ல் படை கிளம்பியது, அடுத்த வருடம் யானையோடு திரும்பியது. அந்தச் சண்டைக்கு வெள்ளை யானைப் போர் என்றே பெயர். இருபது வருடம் கழித்துப் பெகுவுக்கு வந்த ரால்ப் ஃபிட்ச் என்ற ஆங்கில வணிகர், வெள்ளை யானைக்கு வெள்ளிப் பாத்திரத்தில் தீனி வைக்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். யாருக்கும் தலையில் கட்ட நினைத்த பொருளா இது? அடித்துப் பிடுங்கிய பொருள்!

இன்னொன்று கேளுங்கள், இதைச் சொல்லாமல் விடமாட்டேன். 1884-ல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர், மாண்டலேயில் ஆண்ட பர்மிய மன்னர் திபோவிடமிருந்து வாங்கியது என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி ஒரு வெள்ளை யானையை இறக்கினார். கூட்டம் அலைமோதியது. வந்து பார்த்தால் சாம்பல் உடம்பு, அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு. வெள்ளை யானை என்றால் அப்படித்தான் இருக்கும், சுண்ணாம்பு மாதிரியா இருக்கும்? குளிப்பாட்டினால் கொஞ்சம் சிவக்கும், நகம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். ஜனங்களுக்கு ஏமாற்றம். உடனே போட்டிக் கம்பெனிக்காரர் ஃபோர்பா என்ன செய்தார்? சாதாரண யானை ஒன்றைப் பிடித்து வெள்ளையடித்துவிட்டார்! காசு கொடுத்து வாங்கிய நிஜ யானை இளிச்சவாயாக நின்றது, பெயின்ட் யானைக்குக் கைதட்டல். விலைக்கும் மகிழ்ச்சிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல சாட்சி இல்லை.

(திரையில்: செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள், தரையில் வட்டமாக.)

இனி விளையாட்டு. அமெரிக்கர்கள் இதை வெள்ளை யானைப் பரிமாற்றம் என்கிறார்கள், எங்கள் வீட்டில் யானைச் சண்டை. யாரும் எதையும் வாங்கக்கூடாது. வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பொருள், உடையாமல், வேலை செய்யும் நிலையில். பழைய பேப்பரில் சுற்றி வட்டத்தில் வைக்கவேண்டும். எண் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுங்கள். ஒன்றாம் நம்பர் ஒரு பொட்டலத்தைப் பிரிக்கலாம். இரண்டாம் நம்பர் புதிதாகப் பிரிக்கலாம், இல்லை ஒன்றாம் நம்பர் கையிலிருப்பதைப் பிடுங்கலாம். பறிகொடுத்தவர் வேறு பொட்டலம் பிரிக்கலாம், அல்லது வேறு யாரிடமாவது பிடுங்கலாம். ஒரே பொருளை மூன்று தடவைக்கு மேல் பிடுங்கமுடியாது, மூன்றாவதாகப் பிடுங்கியவருக்கே அது சொந்தம். ஒன்றாம் நம்பர் பாவம் என்பதால் கடைசியில் அவருக்கு ஒரு பிடுங்கல் இனாம்.

போன கிறிஸ்துமஸில் பூசை முடிந்து வந்து ஆடினோம். வந்து விழுந்தவை: கட்டாத லோங்ஜி (பர்மியக் கைலி) இரண்டு, ஃப்ளாஸ்க் மூன்று, முகத்தில் அரைத்துப் பூசும் தனக்காக் கட்டை ஒன்று, கோவில் குலுக்கலில் விழுந்த கண்ணாடி டம்ளர் செட், அத்தை போட்ட எலுமிச்சை ஊறுகாய், சின்னச் சார்ஜ் டார்ச். தனக்காவுக்கு இரண்டு பிடுங்கல். டார்ச்சுக்குத்தான் யுத்தம். சித்தப்பா கையிலிருந்து என் தங்கை பிடுங்க, தங்கை கையிலிருந்து மச்சான் பிடுங்க, கடைசியில் 71 வயது பெரியம்மா எழுந்துபோய் மச்சான் எதிரில் கையை நீட்டினார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இருட்டில் டார்ச்சை எரியவிட்டது யார் தெரியுமா? பெரியம்மா. பயின்னவுங் மன்னரே வந்தாலும் இனி வாங்கமுடியாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அண்ணன் வைபரில் இருந்தபடியே ஆடினான், அவன் சொன்னதை நான் பிடுங்கினேன்.

ஏதாவது வாங்கினால்தான் திருப்தி என்பவர்களுக்கு ஒரு வரம்பு வையுங்கள். எங்கள் வரம்பு இரண்டு யானை, அதாவது 5,000 சாட் நோட்டு இரண்டு. இந்த விலைவாசியில் அதற்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். அதுதானே போட்டி! அந்த இரண்டு யானையையும் பொருளாக்காமல் 12 பேரும் ஒரே பானையில் போட்டால் அம்மாவுக்குப் புது மூக்குக்கண்ணாடி வந்துவிடுகிறது. இந்த வருடம் அதுவும் உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வழக்கம்போலப் பரிசு உண்டு, அதில் கை வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருவது உங்களுக்கே தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை. பர்மியர்கள் சத்துதிதா என்று திருவிழா நாளில் தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்களே, பரிசுக் காசை வைத்து வீட்டு வாசலில் ஒரு பெரிய பானை மோஹிங்கா, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ், அப்படி வைக்கலாம். சத்துதிதா என்பது பாலிச் சொல், நான்கு திசை என்று அர்த்தம். நம் சதுர், திசை இரண்டும் அதற்குள் இருக்கிறது பாருங்கள்.

கடைசியாக, யார் பேச்சை எடுப்பது? இதுதான் எல்லா வீட்டிலும் இடிக்கிற இடம். நவம்பரிலேயே அம்மாவிடம் சொன்னேன்.

"மருமகள் என்ன நினைப்பாள்? கிழவிக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்பாள்."

"நான் பேசுகிறேன், அம்மா."

அன்றைக்கு ராத்திரியே அண்ணியைக் கூப்பிட்டேன். இரண்டு வினாடி சத்தமில்லை. அப்புறம், "அப்பாடா! நான் சொன்னால் தப்பாகிவிடுமே என்றுதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்" என்றார். டிசம்பர் பிறப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள், யாராவது ஒருவர் கடைக்குப் போய் வந்துவிட்டால் அப்புறம் பேச்சே எடுபடாது.

ஏர் ஃப்ரையர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இந்தக் கிறிஸ்துமஸில் அதுவும் வட்டத்துக்கு வருகிறது, அண்ணனே சம்மதம் கொடுத்துவிட்டான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: யார் ஜெயித்தாலும் சரி, வெங்காயத்துக்கு வேறு கூடை வாங்கித் தரவேண்டும்.