சூரை மீனுக்கு எந்த ஊர்?

வணக்கம் நேயர்களே. ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் வேலை பார்க்கிறவன் நான். வர்த்தக ஒப்பந்தம் என்றாலே வரி எத்தனை சதவீதம் குறைந்தது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், ஆனால் எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பது ஒரிஜின் சர்டிபிகேட்டை. சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் அந்தக் காகிதம் சரியில்லை என்றால் சலுகை கிடையாது, முழு வரி கட்டித்தான் கன்டெய்னரை எடுக்கணும். சின்னத் தீவுகளின் பிழைப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு நாடான செஷல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ஜனமே ஒரு லட்சத்துச் சொச்சம், நம்ம ஆர்.கே. நகர் தொகுதி வாக்காளர்களே அதைவிட அதிகம். அங்கே பெரிய ஏற்றுமதி டின்னில் அடைத்த சூரை மீன், அது போவது பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் டின் சூரைக்குப் போடும் வழக்கமான வரி 24 சதவீதம். 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி செஷல்ஸுக்கு அந்த வரி இல்லை. சரி, நல்லதுதானே?

பிறப்பிட விதியை, அதாவது சரக்கு எந்த நாட்டுடையது என்று முடிவு செய்யும் விதியைப் படித்தால்தான் விஷயம் தெரியும். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் பிடித்த மீன் என்றால், அதைப் பிடித்த கப்பலின் கொடியையும் உரிமையாளரையும் வைத்துத்தான் ஊர் முடிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்கள் சுருக்குமடி வலை போட்டுப் பிடித்துக் கொடுத்தால் (ஆமாம், காசிமேட்டில் நாம் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிற அதே சுருக்குமடிதான்) செஷல்ஸ் டின்னுக்கு வரி இல்லை. அதே கடலில், அதே மீனை ஒப்பந்தத்தில் இல்லாத தைவானின் கப்பல் பிடித்து அதே தொழிற்சாலையில் இறக்கினால் பொதுவாக 24 சதவீதம். தொழிலாளியும் தொழிற்சாலையும் அதேதான், கொடி மட்டும் வேறு. சலுகை தீவுக்கா, கப்பல் முதலாளிக்கா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரீபியன் வாழைப்பழக் கதை இன்னொரு மாதிரி. செயின்ட் லூசியா, டொமினிக்கா விவசாயிகளுக்கு ஐரோப்பாவில் இருந்த சலுகை தவறு என்று 1997இல் உலக வர்த்தக அமைப்பு சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் லத்தீன் அமெரிக்க நாடுகளும் செய்த 2009 சமரசத்தில் லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கான வரியை டன்னுக்கு 176 யூரோவிலிருந்து படிப்படியாக 114 ஆக்க ஒப்புக்கொண்டார்கள். மலைச்சரிவில் கொஞ்ச நிலம் வைத்திருப்பவன் லத்தீன் அமெரிக்காவின் பெரிய தோட்டங்களோடு விலையில் எப்படி மோதுவான்?

செஷல்ஸும் பக்கத்து நாடுகளும் 2019 அக்டோபரில் ஐரோப்பாவோடு ஒப்பந்தத்தை விரிவாக்கும் பேச்சைத் தொடங்கின, பிறப்பிட விதியும் அதில் உண்டு. செய்தியில் வரிக் கணக்குதான் பெரிதாக வரும், நீங்கள் அந்த விதிப் பக்கத்தைப் பாருங்கள்.