வடக்கில் இருப்பது தென்துருவம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சட்டக் காந்தத்தை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் இரும்புச் சாமான் எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு ஏறத்தாழ வடக்கு தெற்காக நின்றுவிடும். வடக்கைப் பார்க்கும் முனையில் சிவப்புச் சாயம் பூசி, 'என்' என்ற ஆங்கில எழுத்தையும் போட்டு, அதை வடதுருவம் என்கிறோம். பள்ளியில் எல்லாரும் பார்த்ததுதான்.

சரி, அதே பள்ளியில் இன்னொரு பாடமும் உண்டு: ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும், வேற்றுத் துருவங்கள் ஈர்க்கும். அப்படியென்றால் காந்தத்தின் வடதுருவத்தைப் பூமியின் வடக்கு எப்படி இழுக்கிறது?

காந்தக் கணக்குப்படி பூமியின் வடக்கே இருப்பது ஒரு தென்துருவம். அதனால்தான் இழுக்கிறது. காந்தத்தில் எழுதியிருக்கும் 'வடதுருவம்' என்பதை 'வடக்கை நாடும் துருவம்' என்று விரித்துப் படித்தால் சிக்கல் தீர்ந்துவிடும். பேச்சில் நடுச்சொல் உதிர்ந்துபோனதில் வந்த வினை இது. பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் நூல் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட், வடக்கைப் பார்க்கும் முனையைத் தென்துருவம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அப்போதே வாதாடினார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் வழக்கம் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

புவியியல் துருவங்களுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு தரையைத் தொடும் இரண்டு இடங்கள் அவை. பூமியில் காந்தமே இல்லாவிட்டாலும் அவை இருக்கும். காந்தத் துருவம் வேறு. காந்த ஊசியை மேலும் கீழும் சாயும்படி பொருத்தினால், அது தரைக்குச் செங்குத்தாக நிற்கும் இடம்தான் அது. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, கனடாவின் வடகோடியில் பூத்தியா தீபகற்பத்தில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய ஊசி காட்டிய சாய்வு 89 பாகை 59 நிமிடம். நேர்குத்துக்கு ஒரு நிமிடம்தான், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் குறைவு!

ராஸ் கண்ட அந்த இடத்தில் இன்று துருவம் இல்லை. பூமிக்குள் ஆழத்தில், மையக் கருவைச் சுற்றியுள்ள புறக்கருவில் உருகிய இரும்பு புரண்டுகொண்டே இருப்பதால்தான் காந்தப்புலம் உண்டாகிறது. இரும்பின் ஓட்டம் மாறினால் துருவமும் நகரும். கனடாவை விட்டுவிட்டு ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியாப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 கிலோமீட்டர் வேகம்கூட எடுத்தது. கப்பலும் விமானமும் நம் கைபேசியும் திசை அறிய ஆதாரமான, பூமியின் காந்தப்புலத்தைக் கணித்துச் சொல்லும் உலகக் காந்த மாதிரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். கணிப்பு பிசகியதால் 2019-இல் கெடுவுக்கு முன்பே திருத்த வேண்டியதாயிற்று.

தெற்கே கதை இன்னும் வேடிக்கை. அங்கே காந்தத் துருவம் அண்டார்டிகாவின் தரையில்கூட இல்லை, கரைக்கு வெளியே கடலில் இருக்கிறது. புவியியல் தென்துருவத்திலிருந்து 2,800 கிலோமீட்டருக்கு மேல்! ஆக, இரண்டு காந்தத் துருவங்களும் நேருக்கு நேர்கூட இல்லை.

அப்புறம், துருவங்கள் இடம் மாறிக்கொள்வதும் உண்டு. எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அன்றைய காந்தத் திசை அதில் பதிந்துவிடும். அந்தக் கற்களைப் படித்தவர்கள், கடைசி முழுப் புரட்டு சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்கிறார்கள். அதற்கு முன்பும் சூரியன் கிழக்கில்தான் உதித்தது, ஏனென்றால் பூமி சுற்றும் திசை மாறவில்லை. நம் சிவப்பு முனை மட்டும் தெற்கைப் பார்த்து நின்றிருக்கும். அந்தக் காலத்தில் யாராவது திசைகாட்டி செய்திருந்தால் வடக்கைப் பார்க்கும் மறுமுனைக்குத்தான் சிவப்புப் பூசி வடதுருவம் என்று பெயர் வைத்திருப்பார். பெயர்க் குழப்பம் அப்போதும் அப்படியே இருந்திருக்கும்.

வணக்கம்.