ஓடும் மணி நேரத்தைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் கடை வைத்திருப்பவர்களுக்காக, மின்சார பில்லைக் குறைப்பது பற்றிய பேச்சு இது.

மலேசியாவின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், மின்சாரக் கணக்கில் சொன்னால் 60 லட்சம் யூனிட், செலவழிக்கும் நிறுவனம் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமித்தே ஆக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? சாமான் விற்க வருகிறவர் சொல்வதுதான் ஆலோசனை. அவர் வாட்டைச் சொல்வார், மின்சிக்கன நட்சத்திர முத்திரையைக் காட்டுவார். தினம் எத்தனை மணி ஓடுகிறது என்று மட்டும் கேட்கமாட்டார்.

பழைய 36 வாட் டியூப், சோக்கோடு சேர்த்து 45 வாட் வரை இழுக்கும். எல்இடி டியூப் 18 வாட். மிச்சம் 27 வாட். காலை 6 முதல் இரவு 10 வரை எரிகிற முன்பக்கத்தில் மாதம் 13 யூனிட் குறையும். யூனிட் 50 சென் என்று வைத்தால் ஆறரை வெள்ளி. டியூப் 15 வெள்ளி என்றால் மூன்றே மாதத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். அதே டியூப்பை, நாளுக்கு ஒரு மணி நேரம் எரிகிற ஸ்டோரில் மாட்டினால் மூன்று வருடம் தாண்டும். ஸ்டோர் டியூப் பியூஸ் போகும்வரை இருக்கட்டும். மாற்றும்போது வயர்மேனை வைத்து சோக்கைக் கழற்றச் சொல்லுங்கள். விட்டுவைத்தால் அதுவும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஏர்கோன் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்து ஓடுவதில்தான் இன்வெர்ட்டர் ஏர்கோனுக்கு மிச்சம். கடைக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தால் அறை குளிரவே குளிராது, கம்ப்ரஸரும் வேகம் குறையாது. கூடுதல் விலை கொடுத்ததுதான் கண்ட பலன். முதலில் தானாக மூடும் கதவைப் போடுங்கள், இன்வெர்ட்டரைப் பிறகு பார்க்கலாம்.

24 மணி நேரமும் மின்சாரத்தில் இருப்பது சில்லர், அதாவது கடையின் குளிர்ப்பெட்டி. அதில் கைவைக்கப் பெரும்பாலும் காசே வேண்டாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது. ரொட்டி சானாய் போடுகிற கடையில் எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசியும் சேர்ந்து கண்டென்சரில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். சூடு வெளியேற வழியின்றி கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். பில்லும் ஏறும், கம்ப்ரஸரும் சீக்கிரம் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் கண்டென்சர் தகடுகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும். சுவரை ஒட்டித் தள்ளிவைத்த சில்லரைச் சற்று முன்னே இழுத்தாலே வித்தியாசம் தெரியும்.

செம்பனை ஆலைக்காரர்கள் நிலை வேறு. பழ நாரும் கொட்டை ஓடும் பாய்லருக்குச் சும்மா கிடைக்கிற எரிபொருள் என்று நீராவிக் கசிவைக் கண்டுகொள்வதில்லை. இன்றைக்கு அந்தக் கொட்டை ஓட்டுக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. கசிவுக்காக எரிகிற ஒவ்வொரு கூடை ஓடும் விற்றிருக்க வேண்டிய சரக்கு.

வாடகைக் கடைக்காரர்களுக்குச் சிக்கல் இன்னொன்று. ஏர்கோன் கட்டட முதலாளியுடையது, பில் உங்களுடையது. மலிவானதை வாங்கி மாட்டினால் அவருக்கு நஷ்டமில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, நல்ல ஏர்கோனுக்கு ஆகும் கூடுதல் விலையை முதலில் நீங்கள் போட்டு, அதில் பாதியை மாத வாடகையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டபின் பேசினால் எடுபடாது.