மழை, மழ, மாட்டு உண்ணி

காட்சி: கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தொழுவம், விடியற்காலை. பசுவின் காதடியில் உண்ணிகள்.

குரல்: பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம், தமிழ் பேசும் வீடுகள் பலவற்றில் பால்தான் அன்றாட வருமானம். கலப்பினப் பசுவுக்கு உண்ணி ஏறினால் பால் வற்றும். உண்ணி வழியே பேபிசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்தில் புகுந்து, சிறுநீர் காப்பி நிறமாகிவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மருந்து தெளித்தும் சாகாத உண்ணிகள் கேரளத்திலேயே பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் தடுப்பூசியைப் பற்றிப் பேசுகிறேன்.

காட்சி: உண்ணியின் குடல், வரைபடம்.

குரல்: உண்ணியின் குடல் சுவரில் பி.எம்.86 என்றொரு புரதம் உண்டு. அதைப் பசுவுக்கு ஊசியாகப் போட்டால், அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் உருவாகும். ரத்தம் குடிக்கும் உண்ணி அவற்றையும் சேர்த்தே விழுங்கும். குடல் பழுதாகும், இடும் முட்டைகள் குறையும். 1994இல் ஆஸ்திரேலியாவில் இத்தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. உண்ணி கடிக்கும்போது அதன் உமிழ்நீர்தான் பசுவுக்குள் போகிறது, குடல் புரதம் போவதில்லை. ஆகவே கடியால் எதிர்ப்பொருள் புதுப்பிக்கப்படாது, ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

காட்சி: திரையில் 'மழை', அதன் கீழே 'மழ'. 'தலை', அதன் கீழே 'தல'.

குரல்: அந்த ஊசி நம் உண்ணிக்குப் பொருந்துமா? புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. பி.எம்.86இல் 650 மணிகள். இரண்டு ஊர் உண்ணிகளின் மாலைகளை மேலும் கீழுமாக வைத்து, எந்த மணி மாறியிருக்கிறது என்று பார்ப்பதே வரிசை ஒப்பீடு. பக்கத்து வீட்டு அம்மிணி மலையாளத்தில் 'மழ' என்றால் நமக்கு மழை என்று புரிந்துவிடுகிறது. எதிர்ப்பொருளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது பற்றும் இடத்தில் ஒரு மணி மாறினாலும் பிடி நழுவலாம்.

அர்ஜென்டினாவில் அப்படித்தான் நடந்தது. அங்கே ஒருவகை உண்ணிக்கு பி.எம்.86 சரிவரப் பலிக்கவில்லை. அதன் புரத வரிசையைப் படித்தபோது சில மணிகள் மாறியிருந்தன. பி.எம்.95 என்று பெயரிட்டு, அந்தப் புரதத்தைக் கொண்டே ஊசி செய்தார்கள். அந்த உண்ணியும் கட்டுப்பட்டது.

இன்னொரு ஒப்பீட்டை விட்டுவிடக் கூடாது: பசுவின் சொந்தப் புரதங்களோடு. பசுவின் புரதத்தைப் போலவே இருக்கும் பகுதியை ஊசியில் வைத்தால், அதன் உடல் தன்னையே தாக்கக்கூடும்.

காட்சி: மூடியில் ஊர்ப்பெயர் எழுதிய சிறு புட்டிகள்.

குரல்: பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாட்டின் காதோடு உண்ணியும் சோதனைச் சாவடியைக் கடந்து வருகிறது. ஆகவே சந்தை மாட்டு உண்ணி ஒரு புட்டியில், பாலக்காட்டுச் சித்தூர்த் தொழுவத்து உண்ணி இன்னொன்றில். இரண்டின் வரிசையையும் படித்துவிட்டுத்தான் எந்தப் புரதம் என்று முடிவு செய்ய வேண்டும்.