மூட்டைக்கு ஒரு லாரி: பைத்தான் பைண்டிங் எங்கே மெதுவாகுது?

[திரை: ஏற்காடு மலைப்பாதை]

ஏற்காட்டுல இருந்து சேலத்துக்குக் காப்பிக்கொட்டை இறக்கணும். மூட்டைக்கு ஒரு லாரின்னு அனுப்புனா, எவ்வளவு நல்ல லாரியா இருந்தாலும் ஒவ்வொரு நடையும் 20 கொண்டை ஊசி வளைவைச் சுத்தித்தான் ஆகணும். பைத்தான்ல இருந்து சி++ ஃபங்ஷனைக் கூப்பிட வைக்கிற இணைப்புதான் பைண்டிங். அங்கேயும் இதே கதைதான். டைப்பைச் சரிபார்க்கணும், பைத்தான் ஆப்ஜெக்ட்டைப் பிரிச்சு டபுளை (சி++ல தசம எண்) எடுக்கணும், விடையைத் திரும்ப ஆப்ஜெக்ட்டாக் கட்டணும். நடுவுல நடக்குற கணக்கு ரெண்டே பெருக்கல்.

ஒரு மழைமானி நிமிஷத்துக்கு ஒரு அளவு எழுதுதுன்னு வைப்போம். வருஷத்துக்கு 5,25,600 எண். ஃபார் லூப்ல ஒவ்வொண்ணா அனுப்பி, அழைப்புக்கு 1 மைக்ரோசெகண்ட் போச்சுன்னா, அரை செகண்ட் வழிச்செலவுக்கே சரி. முழு அரேயையும் ஒரே அழைப்புல கொடுங்க, லூப் சி++ பக்கம் ஓடட்டும். இதைச் செய்யாம வேற எதைத் தொட்டும் பெரிய பலன் இல்ல.

[திரை: பைபைண்ட்11 கோடு, ஆர்க்யுமென்ட் வரி மட்டும்]

அப்புறமும் மெதுவா இருக்கா? பைண்டிங் எழுத உதவுற பைபைண்ட்11 லைப்ரரியில இந்த வரியைப் பாருங்க. ஆர்க்யுமென்ட் எஸ்டிடி வெக்டர்னு (சி++ பட்டியல்) இருந்தா, நம்பை (பைத்தானோட எண் கணக்கு லைப்ரரி) அரே கொடுத்தாலும் ஒவ்வொரு எண்ணா எடுத்து நகல் பண்ணும். அதை, நம்பை அரேயை நேரா வாங்குற அரே_டி டபுள்னு மாத்துங்க.

அங்கேயும் ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு, இதுதான் ரொம்ப மோசமானது. உங்க டேட்டா ஃப்ளோட்32னா (32 பிட் தசம எண்), சத்தமே இல்லாம ஃப்ளோட்64ல, அதாவது டபுள்ல, ஒரு நகல் உருவாகும். நம்ம மழைக் கணக்குக்கு 4.2 எம்பி, ஒவ்வொரு அழைப்புக்கும். நேரம் மட்டும் போனா பரவாயில்ல. ஃபங்ஷன் அரேயை அதே இடத்துல திருத்துறதா எழுதியிருந்தா, திருத்தம் நகல்ல விழுந்து நகலோடயே போயிடும். உங்க அரே மாறாது, எரரும் வராது. அந்த ஆர்க்யுமென்ட்டுக்கு, டைப்பை மாத்தாதேன்னு சொல்ற நோகன்வெர்ட் போடுங்க. டைப் பொருந்தலன்னா டைப்எரர் வந்து நிறுத்தும். ஃபைலைப் படிக்கிற இடத்துலேயே ஒரு தடவை ஃப்ளோட்64 ஆக்கிக்கலாம்.

ஜிஐஎல்லை (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடுற பூட்டு) விடுவிக்கிறது பல த்ரெட்ல ஓடுற பெரிய கணக்குக்குத்தான். விடுவிச்ச பகுதிக்குள்ள புது நம்பை அரே உருவாக்காதீங்க, புரோகிராம் கிராஷ் ஆகலாம்.

[திரை: டைம்இட்]

நேரம் அளக்குற பைத்தான் கருவியான டைம்இட்ல 1 எண், 1,000 எண், 5,25,600 எண்ணு மூணு அளவுல ஓட்டுங்க. முதல் ரெண்டுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா, நீங்க அளக்குறது வழிச்செலவைத்தான். சின்ன அரேதான் உங்க வேலையே, ஒண்ணாச் சேர்க்கவும் முடியாதுன்னா, பைபைண்ட்11 மாதிரியே இன்னொரு லைப்ரரியான நானோபைண்ட் பாருங்க. பைத்தான் 3.8ல வந்த வெக்டர்கால் முறையில, ஆர்க்யுமென்ட்டை டப்பிள்ங்கிற (tuple) பைத்தான் பொட்டலத்துல கட்டாம நேரா அனுப்பும். மாறுறதுக்கு முன்னாடி ஒரு காலி ஃபங்ஷனை ரெண்டுலயும் பைண்ட் பண்ணி, உங்க மெஷின்லயே அளந்துடுங்க.