முதல் நான்கு நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தாலே எங்கள் தொழிலில் ஆள் எடுக்கும் காலம் தொடங்கிவிடும். ஆடித் தள்ளுபடி, அப்புறம் தீபாவளி, அதைத் தொட்டுக்கொண்டே பொங்கல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலை தேடும் தாய்மார்கள் என்று பலரும் சூப்பர் மார்க்கெட் வாசலில் வந்து நிற்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் மார்க் ஷீட், ஆதார் நகல், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஆதார் வராத 2009-இல், அது ஒன்று தவிர, நானும் அப்படித்தான் நின்றேன். இன்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கடைகளில் இதை 'இண்டக்ஷன்' என்பார்கள். சில கடைகளில் ஒரு வாரம், பல கடைகளில் மூன்று நான்கு நாள். அந்த நாட்களில் என்ன நடக்கும், நீங்கள் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் நீங்கள் ஏதாவது கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது சொல்லிவிடக்கூடும். முதல் நான்கு நாட்களில் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தெரியாமல் இருப்பதற்கென்றே உங்களுக்கு ஒதுக்கிய நாட்கள் அவை. ஆனால் என் வகுப்பில் உட்காரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாயைத் திறப்பதில்லை. புரிந்ததா என்றால் தலையாட்டுவார்கள். நமக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம் அது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் நோட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதல் நாள் காலை பெரும்பாலும் காகித வேலைதான். ஃபாரம் நிரப்புவது, வங்கிக் கணக்கு எண் கொடுப்பது, யூனிஃபார்ம் அளவு, ஐடி கார்டு. சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை நியமனக் கடிதம் கையில் வந்ததா? சம்பளத்தில் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, பிடிப்பார்கள் என்றால் உங்கள் பெயரில் 12 இலக்க யு.ஏ.என். எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாளை வேறு கடைக்கு மாறினாலும் அதே எண்தான் கூட வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்காக 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கடை 3.25 சதவீதம் கட்டும். உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். பில்லிங்கில் பணம் குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு முதல் மாதச் சம்பளத்தில் 700 ரூபாய் குறைந்தது. 'ஷார்ட்டேஜ்' என்று ஒரே வார்த்தை சொன்னார்கள். எந்த நாள், எந்த பில் என்று யாரும் காட்டவில்லை. அப்படி ஒரு வழக்கம் இருப்பதையே அவள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

காகிதம் முடிந்ததும் கடையைச் சுற்றிக் காட்டுவார்கள். பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒரே வாரத்தில் தானாக வந்துவிடும். அதைவிட முக்கியம், அவசர வழி எந்தப் பக்கம் என்பது. அந்தக் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால், புது ஆள் என்று தயங்காமல் சொல்லுங்கள். தீயணைப்பான் எங்கே தொங்குகிறது, மெயின் சுவிட்ச் எது என்று பாருங்கள். ஃப்ரீசர் பக்கம் மின்சாரத்தில் புகை வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்துப் பிடிக்க வேண்டும். நல்ல கடை என்றால் உங்கள் கையில் கொடுத்தே பழக்குவார்கள். அப்புறம் மூட்டை தூக்குவது. இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். இருபது வயதில் இது பெரிதாகத் தெரியாது. முப்பத்தைந்தில் முதுகு கணக்குக் கேட்கும்.

இனி, நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பாடத்துக்கு வருகிறேன். தேதி.

மளிகைக்கடையில் நாம் சீட்டை நீட்டுவோம், அண்ணாச்சி எடுத்துக் கட்டித் தருவார். பருப்பில் வண்டு இருந்தால் நிறுக்கும்போதே அவர் கண்ணில் படும். வாங்குபவரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும் கடை 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் திறந்தது. அன்றிலிருந்து பொருளுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்ற அந்த ஆள் இல்லாமல் போனார். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு அம்மா ரேக்கிலிருந்து நேரே கூடைக்குள் போட்டுக்கொள்கிறார். இடையில் யாரும் பார்ப்பதில்லை. அப்படியானால் பார்க்க வேண்டியவர் யார்? அந்த ரேக்கை அடுக்கிய நீங்கள்தான்.

விதி எளிது. முதலில் காலாவதியாவது முன்னால், புதியது பின்னால். புது ஸ்டாக் வந்தால் ரேக்கில் இருப்பதை வெளியே எடுத்து, துடைத்து, புதியதை உள்ளே தள்ளி, பழையதை முன்னால் வைக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நெருக்கும், சூப்பர்வைசர் "சீக்கிரம் ரீஃபில் பண்ணு" என்று கத்துவார். கை தானாகவே புதியதை முன்னால் வைத்துவிட்டு நகரும். என் இரண்டாம் வாரத்தில் தயிர் பாக்கெட்டை அப்படித்தான் வைத்தேன். நான்கு நாள் கழித்துப் பின்வரிசையில் கை விட்டால், உப்பிப்போன பாக்கெட்டுகள் பதினான்கு. அதற்கு முந்தின நாள் அந்த வரிசையிலிருந்து யாராவது எடுத்துப் போனார்களா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த வீட்டில் எந்தக் குழந்தை அந்தத் தயிரைச் சாப்பிட்டதோ என்றுதான் மனம் ஓடியது. எனக்கு இந்த விதியை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்தக் கடையில் பயிற்சி என்று எதுவுமே இல்லை. முதல் நாளே துடைப்பத்தையும் டிராலியையும் கையில் கொடுத்து, விற்பனை நடக்கும் ஃப்ளோருக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் பண்டிகை நெருக்கத்தில் அப்படிச் செய்யும் கடைகள் இருக்கின்றன. அது புது ஆளுக்கும் அநியாயம், வாங்க வருபவருக்கும் அநியாயம்.

எல்லாப் பாக்கெட்டிலும் கடைசித் தேதி நேராக அச்சிட்டிருக்காது. 'தயாரித்த நாளிலிருந்து 4 மாதம்' என்று மட்டும் இருக்கும். மார்ச் 12 என்றால் ஜூலை 12 என்று நீங்கள்தான் எண்ண வேண்டும். பயிற்சியில் இதற்கென்றே நான் ஒரு கூடை நிறையப் பொருளைக் கொட்டி வரிசைப்படுத்தச் சொல்வேன். குளிர்ப் பொருளுக்கு இன்னொரு கணக்கு. பால், தயிர், பன்னீர் 5 டிகிரிக்குள், ஐஸ்கிரீமும் உறைந்த இறைச்சியும் மைனஸ் 18. ஒருவர் ஐஸ்கிரீமை எடுத்து, மனம் மாறி, சோப்பு ரேக்கில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அதைத் திரும்ப ஃப்ரீசரில் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. டேமேஜ் கணக்கில் எழுதிவிடுங்கள். கடைக்கு அறுபது ரூபாய் நஷ்டம் வந்தால் வரட்டும்.

"இதில் முட்டை இருக்கா?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை கலந்தாலும் அந்த அசைவக் குறிதான். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்று ஒரு தாய் சொன்னால், "இருக்காது மேடம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள்.

பில்லிங்குக்கு உங்களை உடனே விடமாட்டார்கள். இரண்டு நாள் பழைய ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். பார்கோடில் 13 இலக்கம் இருக்கும். 890 என்று தொடங்கினால் அந்தக் கோடு இந்தியாவில் பதிவானது. ஸ்கேனர் படிக்காவிட்டால் அந்த எண்ணைத் தட்ட வேண்டும். பக்கத்துப் பொருளின் கோடைத் தட்டிச் சமாளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, சட்டம் அது. ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்பதுதான் கவுன்ட்டரில் வரும் சண்டைகளில் பாதி. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதம் 5 ஆனது. ஒரே இரவில் கம்ப்யூட்டரில் விலை மாறிவிடும். ஆனால் ரேக்கில் ஒட்டிய சீட்டை மனிதக் கைதான் மாற்ற வேண்டும். அந்த வாரம் சேர்ந்தவர்களுக்கு விலைச்சீட்டின் அருமையை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீதிப் பணத்தை வாய்விட்டு எண்ணிக் கொடுங்கள். யு.பி.ஐ. என்றால் வாடிக்கையாளர் காட்டும் போன் திரை போதாது. உங்கள் கவுன்ட்டரில் பணம் வந்த தகவல் வர வேண்டும்.

வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு 'சார், மேடம்' என்று ஒரு பாடம் எடுப்பார்கள். சரிதான். ஆனால் எழுபது வயதுப் பெரியவர் கண்ணாடி இல்லாமல் பாக்கெட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், "கொடுங்க தாத்தா, நான் படிச்சுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இது இல்லை. திருட்டு என்று சந்தேகம் வந்தால் கையைப் பிடிக்காதீர்கள், கத்தாதீர்கள், வெளியே துரத்தாதீர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கண் தவறியிருந்தால், அந்த மனிதர் பட்ட அவமானத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே பெயர் கேளுங்கள்.

கடைசியாக, கால். நான் சேர்ந்த கடையில் நாற்காலியே கிடையாது. பதினொரு மணி நேரம் நிற்போம். சுவரில் சாய்ந்தால்கூடக் கேமராவில் பார்த்துவிட்டு ஆள் வரும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு எத்தனையோ பேர் வேலையை விட்டார்கள். கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பி. விஜி என்ற தையல் தொழிலாளியோடு சேர்ந்து உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்று சேர்த்தார்கள்.

போன வருடம் ஒரு பயிற்சியின் மூன்றாம் நாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் பின்வரிசையில் இருந்த பெண், பாக்கெட் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள். "அக்கா, பில்லிங்கில் ஆள் இல்லாத நேரம் உட்காரலாமா?" அறையில் சத்தமே இல்லை. பின்னால் ஃப்ளோர் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "உட்காரலாம்மா, சட்டமே இருக்கு" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். "ஆனா அங்க ஸ்டூல் இல்லையே அக்கா" என்றாள். மேனேஜர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். சாயங்காலம் நாங்கள் ஃப்ளோருக்கு இறங்கியபோது, கோடவுனில் தூசி படிந்து கிடந்த ஆறு ஸ்டூல்களைத் துடைத்து, ஒவ்வொரு கவுன்ட்டருக்குப் பின்னாலும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள்.

வணக்கம்.