ரிசல்ட் அன்று யார் வீட்டுக்குப் போவது?

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுக்க அரசும் ஊரும் என்ன செய்திருக்கின்றன, இன்னும் என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து, அதாவது பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒரே ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்குப்படி, இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல். இவர்கள் எல்லோரும் பரீட்சையில் தோற்றவர்கள் இல்லை. வீட்டுச் சண்டை, காதல், நோய், கடன், அவமானம், யாருக்கும் தெரியாத மனச்சோர்வு என்று எத்தனையோ இருக்கும். ஒரு பிள்ளை அந்த முடிவுக்கு வருவது எப்போதும் ஒரே காரணத்தால் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள். ஆனால் பரீட்சை முடிவு வரும் நாள் மட்டும் நமக்கு முன்கூட்டியே தெரிந்த நாள். தேதி தெரியும், நேரம் தெரியும், எந்தப் பிள்ளை தடுமாறும் என்பதுகூட வகுப்பு ஆசிரியருக்கு ஏறக்குறைய தெரியும். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? அதனால்தான் அந்தக் காலையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பாதிப் பேர் தேறினாலே தலைமையாசிரியருக்கு நிம்மதி. பலகையில் நம்பர் ஒட்டுவார்கள். தோற்ற பையன்கள் கூட்டமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அழுவார்கள், ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணுவார்கள், சேர்ந்தே டீக்கடைக்குப் போவார்கள். தோற்றவனுக்கு அன்று துணை இருந்தது. 2025 மே மாதம் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். சந்தோஷமான சேதிதான், அதற்காக எங்கள் ஆசிரியர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் மீதிக் கணக்கையும் பாருங்கள். ஏழு லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு மேல் எழுதியதில் கிட்டத்தட்ட 39 ஆயிரம் பேர் தேறவில்லை. ஒரு வகுப்பில் ஒருவர், இரண்டு பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். தெருவே லட்டு சாப்பிடும்போது அந்த ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. ரிசல்ட்டும் இப்போது கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து பார்க்கிறான். பள்ளிக்கூடத்துக்கு வருவதே இல்லை. அவன் வரமாட்டான் என்றால் நாம்தான் அவனிடம் போக வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி துணைத் தேர்வு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் செப்டம்பர், அக்டோபரில்தான் திரும்ப எழுத முடியும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை எல்லாம் முடிந்துவிடும். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் பேருந்தில் போவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வருடம் முழுக்க இவன் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெண்பிள்ளையாக இருந்தால் அந்த வருடத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பாடம் ஒன்றுதான் போனது, ஆனால் போன வாழ்க்கை பெரிது.

சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைப் பலரும் அறிவீர்கள். தோற்ற பிள்ளைகள் அதே ஆண்டில் உடனே திரும்ப எழுத வழி செய்யுங்கள் என்று வற்புறுத்தியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது ரிசல்ட் வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் துணைத் தேர்வு. தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, மேடை போட்டுப் பேசவில்லை. பரீட்சைத் தேதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். அடுத்த வாய்ப்பு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. என் பணிக்காலத்தில் கல்வித் துறையிலிருந்து எத்தனையோ சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன. உயிரைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

ஆனால் அந்த வாய்ப்பு இருப்பது அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே! இங்கேதான் எங்கள் கணக்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு டிவிஎஸ் 50 வைத்திருந்தார். துணைத் தேர்வு வந்த புதிது. ரிசல்ட்டுக்கு முதல் நாள் மாலையே, திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, யார் யாருக்கு நாளைக்குச் சிக்கல் வரும் என்று ஒரு பட்டியல் எழுதுவார். எந்தத் தெருவுக்கு எந்த வாத்தியார் என்று பிரித்துக்கொடுப்பார். எவன் வீட்டில் அப்பா கை நீட்டுவார், எவள் வீட்டில் பாட்டி மட்டும்தான் இருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு வருடம் ஒரு பையன், இயற்பியலில் போய்விட்டது. என்னிடம் படித்தவன்தான். நானும் கணக்கு சாரும் போனோம். அம்மா வாசலிலேயே நிற்கிறார்.

"காலைலேர்ந்து ஒரு வாய் சோறு திங்கல சார். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல."

அப்பா நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர். அவர் வருவதற்குள் என்ன செய்வது என்று அந்த அம்மாவுக்கு நடுக்கம். பையன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கணக்கு சார் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த தாளை எடுத்தார். துணைத் தேர்வு விண்ணப்பம்.

"எழுந்து உட்காரு தம்பி. இதுல பேரை எழுது."

"வேணாம் சார். நான் இனிமே படிக்கல."

"படிக்கறதெல்லாம் அப்புறம். மொதல்ல பேரை எழுது. இனிஷியல் மறந்துடாத."

ஏன் தோற்றாய் என்று கேட்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பேரை எழுத வைத்தார், பதிவெண்ணை எழுத வைத்தார், பாடம் என்ற இடத்தில் இயற்பியல் என்று எழுத வைத்தார். அதற்கப்புறம் அம்மாவிடம் சொல்லிச் சோறு போடச் சொன்னார். எங்களுக்கும் போட்டார்கள், சாப்பிட்டோம். அதற்கும் பிறகுதான், பையன் மோர் ஊற்றிக்கொள்ளும்போது, குரலை மாற்றாமல் கேட்டார்.

"தம்பி, செத்துடலாம்னு ஏதாச்சும் தோணுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா சார்" என்றான். அப்புறம்தான் அழுதான். சார் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்பா வரும்வரை நாங்கள் கிளம்பவில்லை. அவர் வந்ததும் வாசலில் வைத்தே கணக்கு சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்று ராத்திரி இவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள், வயலுக்கு வாங்கி வைத்த மருந்து வீட்டில் இருந்தால் என்னிடம் கொடுங்கள் என்றார். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். அந்தக் கோடையில் மாலை நேரத்தில் பள்ளியிலேயே வகுப்பு எடுத்தோம். தேறினான், பாலிடெக்னிக் போனான்.

"செத்துடலாம்னு தோணுச்சா?" என்ற அந்தக் கேள்வியைப் பலரும் கேட்கப் பயப்படுகிறார்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை மனத்தில் போட்டதாகிவிடுமோ என்ற பயம். ஆகாது. மனநலத் துறையில் இருப்பவர்கள் இதை ஆராய்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், கேட்பதால் எண்ணம் வருவதில்லை. எண்ணம் இருக்கிற பிள்ளைக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறது. கேளுங்கள். பதறாமல் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நாம்தான் போக வேண்டும் என்றேன் அல்லவா? இது ஒரு வாத்தியாரின் நல்ல மனசு மட்டும் இல்லை, ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. உலக சுகாதார அமைப்பின் சார்பில் ஐந்து நகரங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் நம் சென்னையும் ஒன்று, இலங்கையின் கொழும்பும் ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்தவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு 18 மாதத்துக்கு அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிட்டோ வீட்டுக்குப் போயோ எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 22 பேர் பிறகு தற்கொலையால் இறந்திருந்தார்கள். போய் விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர். நேயர்களே, இருபத்திரண்டு எங்கே, இரண்டு எங்கே! இதற்குப் புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

நம் ஊரில் இது ஏன் பரவலாக நடப்பதில்லை என்றால், முயன்று பிழைத்த பிள்ளையை வீட்டார் மறைத்துவிடுகிறார்கள். வயிற்றுவலி என்று எழுதிக்கொடுங்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சுகிறார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை விடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. உங்கள் பக்கத்து வீட்டில் பயப்படுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அரசும் தேடிப் போயிருக்கிறது. 2021இல் நீட் தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம் பிள்ளைகளை, அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திராமல், தமிழ்நாடு அரசே மனநல ஆலோசகர்களைக் கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச வைத்தது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதையும் மதிக்கிறேன். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகளுக்கும் ஆண்டுதோறும், தேறாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றே ஒரு அழைப்பு போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். 39 ஆயிரம் பேர் என்பது ஓர் அரசுக்குப் பெரிய எண்ணிக்கை இல்லை. அழைப்பு போகாத வீட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் நடந்து போகலாம், அதே தெருவில்தான் இருப்பார்.

கூட்டாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், நிபுணர்களை வைத்து ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து பார்த்தார்கள். பிள்ளைகளையே நான்கு வாரத்தில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்து, நடித்துப் பார்த்து, தங்கள் மனக்கஷ்டத்தைப் பற்றித் தாங்களே பேச வைத்தும் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்றாவது வழியில்தான் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியனாகிய எனக்கு முதல் வழி ஜெயித்திருக்கலாமே என்று ஆசைதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் சேதியை முதலில் பார்ப்பது வாத்தியார் இல்லை, நண்பன். தம்பி தங்கைகளே, நண்பன் அப்படி ஏதாவது சொன்னால் அதை ரகசியமாக வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அவனோடு இருங்கள், ஒரு பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நிலையத்தார் நேரத்தைக் காட்டுகிறார்கள். பூச்சிமருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். எங்கள் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், வயலுக்கான மருந்தை யாரும் வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம் கட்டி, விவசாயிக்கு ஒரு பெட்டி என்று பூட்டி வைக்கும் முயற்சி நடந்தது. அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. இலங்கை கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்து, தற்கொலையால் இறப்பவர்கள் 1995இல் லட்சத்துக்கு 47 பேர் என்று இருந்ததை இருபது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. ஊராட்சித் தலைவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கிராமசபையில் இதைப் பேசுங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் மருந்துக்கு ஒரு பூட்டு போடுங்கள்.

பத்திரிகைகள் இந்தச் சாவுகளை எப்படி எழுத வேண்டும், விடுதிப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதற்கெல்லாம் இன்று நேரம் இல்லை.

எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இன்னொரு எண் 104. சினேகா அமைப்பின் எண் 044 24640050. மீண்டும் சொல்கிறேன், 14416. ரிசல்ட் வர இன்னும் சில நாள்தான் இருக்கிறது. உங்கள் தெருவில் இந்த வருடம் பரீட்சை எழுதியவர்கள் யார் யார் என்று இன்று மாலையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வணக்கம்.